டைரானிடார் ட்ரேட் செய்யப் போகிறீர்களா? முதலில் லெவலைப் பாருங்கள்

போக்கிமான் வயலெட் கேம் விளையாடுகிறவர்களுக்கு டைரானிடார் என்ற போக்கிமான் மேல் ஒரு கண் இருந்துகொண்டே இருக்கும். லார்விடார், அது வளர்ந்து ஆகும் பியூபிடார், டைரானிடார் மூன்றும் வயலெட்டின் ஜோடி கேமான ஸ்கார்லெட் பக்கம்தான். நமக்கு அதற்குப் பதில் பேகன், ஷெல்கான், சாலமென்ஸ். டைரானிடாருக்கும் சாலமென்ஸுக்கும் அடிப்படைப் புள்ளிகளைக் கூட்டினால் ஒரே 600தான். அதனால் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவது காலங்காலமாக நடக்கிற நியாயமான மாற்று. இதை வைத்தே ஒருவர் ஆட்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நான் வளர்த்த ஷைனி (அபூர்வ நிற) சாலமென்ஸ் இப்போது அவரிடம். என்னிடம் இருப்பது போலி.

அவர் சொன்ன விவரம் இது: ஷைனி, அடமன்ட் நேச்சர் (சுபாவம்), சாண்ட் ஸ்ட்ரீம் எபிலிட்டி, ஆறு ஐவியும் (பிறக்கும்போதே அமையும் திறன் மதிப்புகள்) உச்சமான 31. "நானே முட்டை பொரிச்சு வளர்த்தது ப்ரோ, ஒரிஜினல்" என்று ஒன்றுக்கு மூன்று முறை சொன்னார். போர்க்களத்தில் கால் வைத்ததுமே மணற்புயலைக் கிளப்பி, அந்தப் புயலிலேயே ராக் வகைக்குக் கிடைக்கிற ஒன்றரை மடங்கு ஸ்பெஷல் டிஃபென்ஸோடு நிற்கிற டைரானிடாரை யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஃபைட்டிங் வகை அடி நாலு மடங்கு விழும் என்பது தெரிந்தும் அணியில் வைத்துக்கொள்கிறோம். அது தனிக் கதை.

ட்ரேட் முடிந்தது. பார்க்க அசல் மாதிரியே இருந்தது. வழக்கமான பச்சை உடல் இல்லை, வயிற்றில் நீலத்துக்குப் பதில் ஊதா, எல்லாம் ஷைனிக்கு உரியபடி. அப்புறம்தான் விவரப் பக்கத்தைத் திறந்தேன். முட்டையிலிருந்து வந்தது என்று போட்டிருந்தது. லெவல் 50. முதல் பயிற்சியாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு இணையதள முகவரி.

லெவலில்தான் மாட்டிக்கொண்டார். லார்விடார் 30-இல் பியூபிடார் ஆகும். பியூபிடார் 55-இல்தான் டைரானிடார் ஆகும். முட்டையிலிருந்து வந்த டைரானிடார் 55-க்குக் கீழே இருக்கவே முடியாது. போக்கிமான் கோ மொபைல் கேமில் பிடித்து, கேம்களுக்கிடையே போக்கிமானை மாற்றும் ஹோம் செயலி வழியாகக் கொண்டுவந்தது என்றால் குறைந்த லெவலில் இருக்கலாம், ஆனால் அதற்கென்று கோ-வின் தனிக் குறி விவரப் பக்கத்திலேயே தெரியும். இதில் அப்படி எதுவும் இல்லை.

கேட்டேன். வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "போட்டியில எல்லாமே 50 தானே ப்ரோ, அதான் 50-லயே நிறுத்திட்டேன்." ரேங்க் போட்டியில் எல்லாவற்றையும் 50 ஆக்கிவிடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் 50-இல் நிறுத்தியிருந்தால் கையில் இருப்பது பியூபிடார் அல்லவா? இதைச் சொன்னதும் பேச்சே இல்லை. சாலமென்ஸைத் திருப்பிக் கேட்டேன், ப்ளாக் செய்துவிட்டார்.

பிறகு அதை ஹோமுக்கு மாற்றிப் பார்த்தேன், ஏற்கவில்லை. ஏதோ மென்பொருளில் எண்களை அடித்து உண்டாக்கி, அப்படியே என் தலையில் கட்டியிருக்கிறார்.

ஆறு 31 என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அடமன்ட் நேச்சர் ஸ்பெஷல் அட்டாக்கைக் குறைக்கும். அந்த டைரானிடாருக்கு அந்த ஐவி எதற்கும் உதவாது. மெனக்கெட்டு முட்டை பொரிப்பவர்கள் ஐந்து கிடைத்ததும் நிறுத்திவிடுவார்கள். எதேச்சையாக ஆறும் 31 விழ 107 கோடியில் ஒன்று வாய்ப்பு. பெற்றோரிடமிருந்து ஐந்து ஐவியை இறக்கித் தரும் டெஸ்டினி நாட் என்ற பொருள் இருந்தால் இந்தக் கஷ்டம் எவ்வளவோ குறையும் என்றாலும், அதற்கு மேல் ஷைனியும் வேண்டும். வெவ்வேறு மொழி கேம்களின் பெற்றோரை வைத்து முட்டை எடுக்கும் மசூடா முறையும், ஷைனி வாய்ப்பைக் கூட்டும் ஷைனி சார்மும் சேர்ந்தாலே 512-இல் ஒன்றுதான். ஆக, தேவையில்லாத ஆறாவது 31-உம் சேர்ந்து வரும் ஷைனி, உழைப்பைவிட மென்பொருளைத்தான் முதலில் நினைவுபடுத்துகிறது. பாட்டில் கேப் கொடுத்து ஐவியை 31-க்கு ஈடாக்கும் ஹைப்பர் ட்ரெய்னிங் செய்திருந்தால் அது தனியாகத் தெரியும், அதில் குறையில்லை. முட்டையில் வந்தது என்று சொல்லி மாஸ்டர் பால் என்ற பந்தில் இருப்பதைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பெற்றோரின் மாஸ்டர் பால் குட்டிக்கு இறங்காது.

"போலியா இருந்தா என்ன, அடி ஒண்ணுதானே" என்று சிலர் கேட்பார்கள். 2023 ஆகஸ்டில் யோகஹாமாவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பிலேயே மென்பொருளால் மாற்றப்பட்ட போக்கிமானோடு வந்த சில வீரர்களைத் தகுதிநீக்கம் செய்தார்கள். அங்கே போய் 'ட்ரேடில் வந்தது சார்' என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? எண்களைச் சரியாகப் பொருத்திச் செய்தால் சோதனையில் தப்பிவிடும் போலிகளும் உண்டு என்பதால், ஹோம் ஏற்றுக்கொண்டது என்பதையே சான்றாக வைத்து யாராவது பேசினாலும் நம்பாதீர்கள்.

டைரானிடார் வேண்டும் என்றால் ஸ்கார்லெட் வைத்திருக்கிற நண்பரிடம் சாதாரண லார்விடார் ஒன்று கேளுங்கள். பேகனைக் கொடுத்தால் சந்தோஷமாகத் தருவார்கள், முட்டை வேலையை நாமே பார்த்துக்கொள்ளலாம். ஸ்கார்லெட்காரர் நடத்தும் டைரானிடார் டெரா ரெய்டில் (பலர் சேர்ந்து ஒரு போக்கிமானோடு மோதும் சண்டை) வயலெட்டிலிருந்து சேர்ந்தும் பிடிக்கலாம். ஐந்து நட்சத்திர ரெய்டில் கிடைப்பது லெவல் 75. பயிற்சியாளர் பெயரும் நம்முடையதே.

அந்த ஆள் சும்மா இருக்கவில்லை. வேறு பெயரில், எழுத்துக்கு எழுத்து அதே விவரத்தோடு, இப்போது கார்சோம்ப் என்ற போக்கிமான் தருவதாகப் போட்டிருக்கிறார்: ஷைனி, ஆறு 31, சொந்த முட்டை, லெவல் 50. இதில் லெவலை வைத்துப் பிடிக்க முடியாது, ஏனென்றால் அதன் முந்தைய வடிவமான கபைட் 48-லேயே கார்சோம்ப் ஆகிவிடும். ட்ரேட் திரையில் உங்கள் போக்கிமானை உறுதி செய்வதற்கு முன்னால், அவருடையதன் விவரப் பக்கத்தைத் திறந்து பயிற்சியாளர் பெயரைப் பாருங்கள். "சீக்கிரம் ப்ரோ, நெட் போயிடும்" என்று அவசரப்படுத்தினால் வெளியே வந்துவிடுங்கள்.