ஷோரூம் பெட்டியா, மாலே பெட்டியா, பேரில்லாத பெட்டியா: ஜெர்மன் கார் ஆயில் ஃபில்டர்

எங்கிட்ட இருக்கறது பிஎம்டபிள்யூ 325ஐ, என்52 இன்ஜின். தம்பி ஓட்டறது ஆடி ஏ4, 2.0 டிஎஃப்எஸ்ஐ. ரெண்டுக்கும் ஆயில் சர்வீஸ் நாங்களேதான் பண்றோம், அதனால ஷோரூம் ஃபில்டர்தான் வாங்கணுமா வெளில கிடைக்கறது போதுமான்னு யார் கேட்டாலும், முதல்ல உங்க கார்ல எந்த வகை ஃபில்டர்னு பாருங்கன்னுதான் சொல்வேன்.

ஃபில்டர் எல்லாம் கார் கம்பெனி செய்யறது இல்ல. லுட்விக்ஸ்பர்க்ல இருக்கற மான்-ஹம்மல், ஸ்டுட்கார்ட்ல இருக்கற மாலே, மூன்ஸ்டர்ல இருக்கற ஹெங்ஸ்ட், இவங்க மாதிரி ஆளுங்க செஞ்சு குடுக்கறாங்க, அது ஷோரூம் பெட்டில போனா ஒரு விலை, அவங்க சொந்தப் பெட்டில வந்தா வேற விலை. என் காருக்கு பிஎம்டபிள்யூ நம்பர் 11427566327, அதுக்குப் பதிலா மாலே ஓஎக்ஸ் 387டி போடலாம், மான்-ஹம்மலோட மான் பிராண்ட் எச்யூ 816 எக்ஸும் போடலாம். ஒரு தடவை ஷோரூம் பீஸையும் மாலேவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன், பேப்பர் மடிப்பு, ஓர வளையம், கசியாம அடைக்கற ரப்பர் ஓ-ரிங் எதுலயும் வித்தியாசம் தெரியல, அதுக்கப்புறம் நான் ஷோரூம் பக்கமே போகல.

ஆனா வெளில வாங்கறதுன்னா எது வேணா வாங்கலாம்னு அர்த்தம் இல்ல. கார் என் கைக்கு வந்த புதுசுல ஒரு கராஜ்ல சர்வீஸ் விட்டேன், அடுத்த சர்வீஸுக்கு நானே மூடியக் கழட்டினப்போ உள்ள இருந்தது பேரே இல்லாத ஃபில்டர். மடிப்பெல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கிக் கிடக்கு, இன்னொரு பக்கம் சுண்டுவிரல் நுழையற அளவுக்கு இடைவெளி, ஓர வளையத்துல பசை விட்டுப் போச்சு, அந்த வழியா எண்ணெய் வடிகட்டாமலே இன்ஜினுக்குப் போயிருக்கு. இதவிட எனக்கு வயித்தெரிச்சல் மூடித் தண்டு நுனில இருக்கற சின்ன ஓ-ரிங்தான். அது அடைக்கறது இன்ஜின் அடில எண்ணெய் தேங்கற சம்புக்கு வடியற ஓட்டைய, அது கசிஞ்சா பிரஷர் அந்த வழியா போகும், அந்த ரிங்க மாத்தவே இல்ல, கல்லு மாதிரி இறுகிக் கிடந்தது. நல்ல கம்பெனி பெட்டில பெரிய ரிங், சின்ன ரிங், டிரெயின் போல்ட் வாஷர் எல்லாம் கூடவே வரும், அதுக்காகவாவது அதையே வாங்குங்க.

தம்பி ஆடி கதை வேற. என் கார்ல இருக்கறது வெறும் பேப்பர் உருளை, ஃபில்டர் அடைச்சுக்கிட்டா எண்ணெய வடிகட்டாமலே உள்ள விடற பைபாஸ் வால்வு ஃபில்டர்ல இல்ல, வெளியதான் இருக்கு. அவன் கார்ல தகர டப்பா மாதிரி திருகிப் போடற ஃபில்டர், 06ஜே115403க்யூ, அந்த மாதிரி டப்பாவுல வால்வும் உள்ளயே வரும். பேப்பர் நல்லா இருந்து வால்வு ஸ்பிரிங் மட்டும் தொளதொளன்னு இருந்தாக்கூட, காலைல குளிர்ந்த எண்ணெய் கெட்டியா இருக்கும்போது வால்வு சீக்கிரமே திறந்து வடிகட்டாத எண்ணெய் உள்ள போயிடும். டப்பாவ வெளில இருந்து பாத்து இது எதுவுமே கண்டுபிடிக்க முடியாது. டைமிங் செயின தொய்யாம இழுத்துப் பிடிக்கற டென்ஷனர் ஆயில் பிரஷர நம்பி இருக்கற இன்ஜின்ல இந்த ரிஸ்க்க எடுக்கவே கூடாது, அவனுக்கு ஷோரூம் பீஸ், இல்லாட்டி மான் டபிள்யூ 719/45, மூணாவது எதுவும் வேண்டாம்னு கண்டிப்பா சொல்லிட்டேன்.

போஷ் கம்பெனி ஃபில்டரும் எனக்கு ஓகேதான், ஆனா பெட்டில போட்டிருக்கற நம்பர் உங்க இன்ஜினுக்கு உள்ளதுதானான்னு ஒத்துப் பாருங்க, ஒரே மாடல் கார்லயே வருஷத்துக்கு வருஷம் இன்ஜின் மாறும். வாரண்டி ஓடற காருக்கு ஷோரூம் ஃபில்டரையே போட்டு பில்ல பத்திரமா வைங்க, மிச்சம் பண்ற காசுக்கு அப்புறம் வாக்குவாதம் பண்ணிட்டு நிக்க முடியாது. மான் பேர்ல போலியும் நிறைய சுத்துது, விலை ரொம்ப கம்மியா இருந்தா, அச்சு மங்கலா இருந்தா தொடாதீங்க.

மாட்டும்போது புது ரிங்ல கொஞ்சம் எண்ணெய் தடவுங்க. என்52 மூடிக்கு 25 நியூட்டன் மீட்டர்தான், இறுக்கற அளவக் காட்டற டார்க் ரெஞ்ச் வெச்சு இறுக்குங்க, அது பிளாஸ்டிக், கை பலத்த காட்டினா வெடிச்சுடும்.