அட்ரினல் கட்டியால் வரும் பிரஷர்: ஆபரேஷனா, மாத்திரையா?

மூன்று வகை பிரஷர் மாத்திரை போட்டும் எனக்கு 160/100-க்குக் கீழே இறங்கவில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து 2.9, ராத்திரியில் கெண்டைக்கால் இழுப்பு. பொட்டாசியம் சிரப் குடித்தே இரண்டு வருடம் ஓட்டினேன். அப்புறம்தான் ஒரு டாக்டர் ரத்தத்தில் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன், சிறுநீரகம் சுரக்கும் ரெனின் இரண்டையும் பார்க்கச் சொன்னார். முன்னது எக்கச்சக்கம், பின்னது அடிமட்டம். ஸ்கேனில், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியில், இடது பக்கம் சின்னக் கட்டி.

இந்தச் சுரப்பியிலிருந்து வரும் ஆல்டோஸ்டிரோன் உப்பைப் பிடித்து வைக்கும், பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். இப்படிப்பட்ட கட்டிகள் பலவற்றில் கே.சி.என்.ஜே.5 மரபணுவில் பிழை இருப்பது 2011-ல் தெரியவந்தது. பொட்டாசியம் மட்டும் போகவேண்டிய வழியில் சோடியமும் நுழைந்துவிட, செல் ஓயாமல் ஹார்மோனைச் சுரக்கிறது. பிழை கட்டிக்குள் மட்டும்தான், பிள்ளைகளுக்குப் போகாது. கட்டியை எடுத்தால் பிழையும் போய்விடும் என்பதால்தான் ஆபரேஷன் பக்கம் சாய்ந்தேன்.

மாத்திரையைக் குறை சொல்லவில்லை. ஆபரேஷனுக்கு முன் நான்கு மாதம் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை போட்டேன். விலை குறைவு, பிரஷரும் இறங்கியது. ஆனால் அது ஹார்மோன் வேலை செய்யும் இடத்தை அடைக்கிறதே தவிர, சுரப்பதை நிறுத்துவதில்லை. எனவே ஆயுள் முழுக்கப் போடவேண்டும். அதைவிடக் கஷ்டம் கண்காணிப்பு. இந்த மாத்திரையால் பொட்டாசியம் ஏறிவிடுமோ என்ற பயம். அதற்கும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினுக்கும் அடிக்கடி ரத்தம் கொடுக்கவேண்டும். இளநீரை யோசித்துக் குடிக்கவேண்டும், வலி மாத்திரையைக் கேட்காமல் தொடக்கூடாது. எனக்கு மார்பகத்திலும் வலி வந்தது. ஆண்களுக்கு இது வருவதுண்டு. அதே வகையைச் சேர்ந்த எப்ளெரினோன் மாத்திரையில் அது குறைவு, விலை அதிகம். நாற்பது வயதில் இன்னும் முப்பது வருடம் இப்படியா என்று நினைத்தபோது முடிவு எளிதாகிவிட்டது.

ஆபரேஷனுக்கு முன் ஒரு படி உண்டு: இரண்டு அட்ரினல் சுரப்பிகளின் சிரைகளிலிருந்தும் (ரத்தக்குழாய்கள்) ரத்தம் எடுத்துப் பார்ப்பது. ஸ்கேனில் தெரியும் கட்டி சும்மா இருந்து, மறுபக்கம் அதிகமாகச் சுரக்கலாம். இதைச் செய்யும் இடங்கள் குறைவு, அலைச்சல் அதிகம். அதன் பிறகு லேப்ராஸ்கோப்பி சுலபமாகவே முடிந்தது.

2017-ல் வெளியான ஆய்வில், பல நாடுகளில் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட 705 நோயாளிகளைப் பார்த்ததில், 94 சதவீதத்தினருக்கு ஹார்மோன் சரியானது. மாத்திரையே இல்லாமல் பிரஷர் சரியானது 37 சதவீதத்தினருக்குத்தான். நான் அந்த 37-ல் இல்லை, ஒரு அம்லோடிபின் பிரஷர் மாத்திரை தொடர்கிறது. ஆனால் சிரப் இல்லாமலே பொட்டாசியம் 4.3. இது ஒன்றரை வருடக் கதைதான், பத்து வருடக் கணக்கை என்னால் சொல்லமுடியாது.

இரண்டு சுரப்பியும் அதிகமாகச் சுரந்தால் மாத்திரைதான் வழி. பரம்பரையாக வரும் அரிய வகை ஒன்றும் உண்டு. அதற்குக் குறைந்த அளவு ஸ்டீராய்டே கேட்கும். வீட்டில் இளவயதிலேயே பிரஷரும் மூளை ரத்தக்கசிவும் வந்தவர்கள் இருந்தால், சர்ஜனிடம் போகும் முன் அந்த மரபணுப் பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள்.