மஞ்சக்குப்பம் கணினிக் கடை: ஸ்டிக்கரைப் படித்த பிறகே டிஸ்க்கைத் தொடுகிறார்கள்

"ஓ.எஸ். போட்டுத் தர வேண்டும்" என்று, அதாவது விண்டோஸ் போன்ற இயங்குதளத்தை நிறுவித் தரச் சொல்லி, கணினியைக் கொண்டுபோனால், கையில் கிடைத்த இன்ஸ்டால் டிஸ்க்கைப் போட்டு ஒரு மணி நேரத்தில் திருப்பிக் கொடுக்கும் கடைகளே அதிகம். கடலூர் மஞ்சக்குப்பத்தில், பாரதி சாலையை ஒட்டிய சந்தில் இருக்கும் ஒரு சிறிய கடையில் அப்படிச் செய்வதில்லை.

என் மாமாவின் உரக்கடையில் பில் போடுவது, விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸ் காலத்து மென்பொருள் ஒன்றில். ஹார்ட் டிஸ்க் பழுதானபோது வேறொரு கடையில் புதியது மாற்றி, விண்டோஸ் 7 அல்டிமேட்டின் 64 பிட் பதிப்பை, உரிமம் இல்லாமலே ஓடும்படி கிராக் செய்து போட்டுக் கொடுத்திருந்தார்கள். பில் மென்பொருள் திறக்கவே இல்லை. சில வாரங்களில் திரையின் பின்னணி கறுத்து, இந்த விண்டோஸ் அசல் அல்ல என்ற அறிவிப்பும் வந்து நின்றது. இத்தனைக்கும், மாமா காசு கொடுத்து வாங்கிய, விண்டோஸ் 7-இன் இன்னொரு எடிஷனான ஹோம் பிரீமியத்தின் உரிமம் கேபினெட்டின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் அப்படியே இருந்தது.

மஞ்சக்குப்பம் கடைக்காரர் முதலில் பார்த்தது அந்த ஸ்டிக்கரைத்தான். எழுத்துகள் தேய்ந்திருந்ததால், செல்போன் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து, 'பி' என்ற எழுத்தா 8 என்ற எண்ணா என்று லென்ஸ் வைத்துப் பார்த்து, எழுத்தும் எண்ணும் கலந்த 25 இலக்க உரிமக் குறியீடான கீயை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். "எந்த எடிஷன், எத்தனை பிட்டுன்னு தெரியாம நான் டிஸ்க்கைத் தொடமாட்டேன் சார்" என்றார். ஹோம் பிரீமியத்துக்குரிய கீயை அல்டிமேட் ஏற்காது. ஆனால் அதே எடிஷனில் 32 பிட், 64 பிட் இரண்டில் எதைப் போட்டாலும் ஏற்கும். எனவே கீ செல்லுபடியானால் மட்டும் போதாது. 64 பிட் விண்டோஸில் 16 பிட் டாஸ் மென்பொருள்கள் ஓடுவதில்லை என்பதால், மாமாவுக்கு வேண்டியது 32 பிட் டிஸ்க். அது 4 ஜிபிக்கு மேல் ரேமைப் பயன்படுத்தாது என்றாலும், 2 ஜிபி மட்டுமே உள்ள அந்தக் கணினிக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை. இவ்வளவையும் கேட்டறிந்து, உரக்கணக்குக் கோப்புகளைப் பேக்கப் எடுத்த பின்னரே ஃபார்மட் செய்தார். மறுநாள் மாலை, உரிமத்தை உறுதிசெய்யும் ஆக்டிவேஷன் முடிந்து, பில்லும் வழக்கம்போல் அச்சானது.

விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டதைச் சொல்லி, அதில் வங்கி வேலை எதுவும் பார்க்க வேண்டாம் என்று எச்சரித்ததும், இணையக் கேபிளைக் கழற்றியே வைக்கச் சொன்னதும் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வேலையை முடித்துத் தள்ளிவிட நினைப்பவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

குறையும் உண்டு. பேக்கப்புக்குத் தனிக் கட்டணம் என்பதைக் கணினியைத் திரும்ப வாங்கும்போதுதான் சொன்னார்கள்; முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. அவசரமாக அன்றைக்கே வேண்டும் என்பவர்களுக்கும் இந்தக் கடை ஒத்துவராது.

விண்டோஸ் 8 முதல் வந்த பிராண்டட் லேப்டாப்கள் பெரும்பாலானவற்றில் கீ, மதர்போர்டுச் சிப்பில் உள்ள பயாஸிலேயே பதிந்திருப்பதால், அவற்றுக்கு ஸ்டிக்கரைத் தேட வேண்டியதில்லை. பழைய கணினியைக் கொண்டுபோகிறவர்கள், வாங்கியபோது கொடுத்த ரிக்கவரி டிவிடியும் டிரைவர் டிஸ்க்கும் பீரோவில் எங்காவது இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இந்தக் கடையில் அவற்றை வாங்கிப் பார்த்துப் பயன்படுத்துகிறார்கள்.