ஊசி குத்தாம சுகர் பாக்குற வாட்ச்: 18,500 ரூபாய் போச்சு, நீங்க வாங்கிடாதீங்க

கடலூர், பாண்டி பக்கம் வீட்ல சுகர்காரங்க இருக்கிறவங்க இதை முழுசா படிங்க. கோவத்துல எழுதுறேன், எழுத்துப்பிழை இருந்தா விட்டுடுங்க. இந்த மாதிரி புதுக் கருவி வாங்குறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

பாண்டியில ஒரு மருத்துவக் கருவி ஷோரூம். பேரைப் போட்டா கேஸ் போடுவோம்னு மிரட்டியாச்சு, அதனால போடல. போன மாசம் பி.பி. மெஷின் வாங்கத்தான் அப்பாவைக் கூட்டிட்டுப் போனேன். முதுநகர் துறைமுகத்துல காலம் பூரா வலை இழுத்த கை அவருக்கு. விரல் நுனியெல்லாம் காய்ச்சுப் போயிருக்கும். ஊசி குத்தினாலும் ரத்தம் லேசுல வராது, பிதுக்கிப் பிதுக்கித்தான் ஸ்ட்ரிப்புல வைக்கணும். அந்த விரலைப் பாத்ததுமே கவுண்டர்ல இருந்த தம்பி, "இந்த வயசுல தினம் இந்தக் கஷ்டம் எதுக்குங்க ஐயா"ன்னு அப்பா கையைப் பிடிச்சு வாட்ச்சைக் கட்டி விட்டான். முதல்ல சாதா மெஷின்ல குத்திப் பாத்தான், 142. செல்லுல என்னமோ தட்டினான். வாட்ச் அடியில பச்சை லைட் மினுக்குச்சு. 138! அப்பா என்னைத் திரும்பிப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சாரு. அந்தச் சிரிப்புக்குத்தான் 18,500 ரூபாயை எடுத்து வச்சேன்.

திங்கக்கிழமை சாயந்தரம் அது 260னு காட்ட, அப்பா இன்சுலினை நாலு யூனிட் ஏத்திப் போட்டிருக்காரு. நடுராத்திரி பனியன் தொப்பலா நனைஞ்சு, வாய் குழறுது. வாட்ச்சுல 131. அம்மாதான், "அது கிடக்கட்டும், பழைய மெஷினை எடுடி"ன்னு கத்துனாங்க. குத்தினா 52. சர்க்கரைத் தண்ணி குடிக்க வச்சு, மறுபடி குத்திப் பாத்து, அவர் தெளிவா பேசுற வரைக்கும் எங்க உயிர் எங்ககிட்ட இல்ல.

எதிர்வீட்டு அக்கா லேப்ல வேலை பாக்குறாங்க. செல்லுல அந்த வாட்ச்சோட ஆப்பைத் திறந்ததும் கண்டுபிடிச்சுட்டாங்க. 'குத்திப் பாத்த அளவைப் பதியவும்'னு அதுல ஒரு கட்டம் இருக்கு. கடையில அந்தத் தம்பி தட்டினது அங்கதான். பக்கத்துப் பையன் பேப்பரைப் பாத்து எழுதி மார்க் வாங்குற கதை! நிஜமா சோதிக்கணும்னா ஒரு கருவியோட விடை இன்னொண்ணுக்குத் தெரியவே கூடாதாம். சுகர் இறங்கினவங்க, ஏறினவங்கன்னு பல பேருக்குப் பாக்கணுமாம். குத்திப் பாக்குற மெஷினுக்கே ஐ.எஸ்.ஓ. 15197னு ஒரு தரம் இருக்கு. சுகர் 100-லயும் அதுக்கு மேலயும் இருந்தா லேப் அளவுல இருந்து 15 சதவீதம், 100-க்குக் கீழ 15 புள்ளி, நூத்துக்கு 95 தடவை அதுக்குள்ள நிக்கணும். இது 52-ஐ 131ங்குது. பச்சை லைட் நாடித் துடிப்பு எண்ணத்தான் உதவுமாம். கையில ஒட்டிக்கிற சென்சார்கூட தோலுக்குள்ள மெல்லிசா ஒரு இழையை விட்டுத்தான் சுகர் அளக்குது. தோலைக் குத்தாம தானே சுகர் அளக்குற வாட்ச், மோதிரம் எதுக்கும் அனுமதி கொடுக்கலன்னு அமெரிக்காவுல மருந்து, மருத்துவக் கருவிக்கெல்லாம் அனுமதி கொடுக்குற எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியிலயே எச்சரிச்சிருக்கு. நம்ம நாட்டுலயும் அரசுத் திட்டங்களுக்கு எந்தக் கருவி சரிப்படும்னு பலனையும் செலவையும் எடை போட 2017-ல தனி அமைப்பே வச்சிருக்காங்க. வீட்டுக்கு வாங்குறவங்களுக்கு எடை போடுறது யாரு? கவுண்டர் தம்பிதான்.

போன் பண்ணினா "அப்டேட் போடுங்க"ன்னான். அப்புறம் "ஸ்ட்ராப்பை இறுக்கிக் கட்டுங்க". இன்னைக்கு நேர்ல போனா அதே தம்பி, அன்னைக்குச் சொன்ன 'ஐயா'வெல்லாம் காணோம். "வெயில்ல காஞ்ச தோலு மேடம், சென்சார் எடுக்காது." கடலூர்ல வெயில்ல காயாத தோல் எங்கடா இருக்கு? அன்னைக்கு 138 காட்டினது யார் தோலு? மேனேஜர் வந்து பில்லைக் காட்டுறாரு. அதுல 'ஸ்மார்ட் வாட்ச்'னுதான் இருக்கு. பெட்டிக்குள்ள மடிச்சு வச்ச தாள்ல பொடி எழுத்துல, 'நோய் கண்டறியவோ சிகிச்சைக்கோ அல்ல'. வாரன்டி சார்ஜருக்கு மட்டும்தானாம். 18,500 ரூபாய்க்கு ஒரு சார்ஜர்! பெரிய மனசு பண்ணி 2,000 ரூபாய்க்கு கூப்பன் தர்றாராம், அதையும் அவர் கடையிலயே செலவழிக்கணுமாம்.

விவரமா எழுத நினைச்சேன், அப்பாவுக்கு சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சு, குத்திப் பாக்கணும். சுருக்கமா சொல்லிடுறேன். 2020 ஏப்ரல்ல இருந்து எல்லா மருத்துவக் கருவியும் மருந்துச் சட்டத்துக்குள்ள வந்தாச்சு, அதனால பெட்டியில லைசென்ஸ் நம்பர் இருக்கான்னு பாருங்க. பில்லுல 'சுகர் பாக்குற கருவி'ன்னு எழுதித் தரச் சொல்லுங்க, எழுத மாட்டேன்னா வெளிய வந்துடுங்க. வாட்ச்சைப் பாத்து இன்சுலினைக் கூட்டிக் குறைக்காதீங்க.

நுகர்வோர் உதவி போன் நம்பர் 1915-ல புகார் பதிஞ்சாச்சு, அடுத்து நுகர்வோர் ஆணையம். இதே மாதிரி வாட்ச் வாங்கினவங்க பில்லைத் தூக்கிப் போடாம எனக்கு எழுதுங்க, சேர்ந்தே போகலாம். 18,500 ரூபாயை நான் விடுறதா இல்ல.