ஒட்டுப்போட்ட ரெட்மி நோட் 4: 'சீல்டு பாக்ஸ்' என்று சொன்னால் நம்ப வேண்டாம்

ரெட்மி நோட் 4 நல்ல போன். வம்பே அதில்தான் தொடங்குகிறது. இன்னமும் அந்தப் பெயரைச் சொல்லித் தேடி வாங்குகிறவர்கள் இருப்பதால், செத்த செட்டுகளில் கழற்றிய பாகங்களை ஒன்று சேர்த்து, புதுப் பெட்டியில் வைத்து, பிளாஸ்டிக் தாள் சுற்றி விற்பவர்களும் இருக்கிறார்கள். 2017 தொடக்கத்தில் வந்த மாடல் இது. உற்பத்தி நின்று வருஷக்கணக்காகிறது. நிஜமாகவே பிரிக்காத பெட்டி ஒன்று எங்காவது கிடைத்தாலும், உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி இத்தனை காலம் சும்மா கிடந்தே வலுவிழந்திருக்கும். ஆக, 'புதுசு' என்பதே முதல் பொய்.

ஏமாந்தவர்களின் புகார் ஏறக்குறைய ஒரே வரிசையில் வருகிறது. முதல் நாள் எல்லாம் நன்றாக இருக்கும். இரண்டாம் வாரம் சார்ஜ் நிற்காது. பிறகு, காதில் வைத்துப் பேசும்போது திரை அணையாமல் கன்னம் பட்டே அழைப்பு துண்டாகும். ஒருநாள் ரீசெட் செய்தால் முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். விற்றவரைக் கேட்டால் 'டெஸ்டிங் வாரன்டி மட்டும்தான்' என்ற பதில்.

இந்த மாடலுக்கு இவ்வளவு பெயர் வந்ததற்குக் காரணம் ஸ்னாப்டிராகன் 625. 14 நானோமீட்டரில் செய்த சிப், எட்டு ஏ53 கோர், 2 கிகாஹெர்ட்ஸ். வேகம் சுமார்தான், ஆனால் சூடாகாது, கரண்ட் குடிக்காது. அதோடு 4100 எம்ஏஎச் பேட்டரி சேர்ந்ததால் சார்ஜரைத் தேட வைக்காத போன் என்று பெயர் வாங்கியது. ஹெட்போன் துளை, டிவிக்கு ரிமோட் ஆக்கிக்கொள்ள அகச்சிவப்பு விளக்கு இரண்டும் உண்டு. குறைகளும் அன்றே இருந்தவைதான்: இருட்டில் கேமரா சொதப்பும், சார்ஜிங் மைக்ரோ யூஎஸ்பி, இரண்டாவது சிம் போட்டால் மெமரி கார்டுக்கு இடமில்லை.

அதே பெயரில் 2016இல் ஹீலியோ எக்ஸ்20 சிப்போடு இன்னொரு போனும் வந்தது. வெளித்தோற்றம் ஒன்றுபோலத் தெரியும். பேட்டரி நிற்பதில் 625க்குப் பக்கத்தில் வராது. 'அபவுட் போன்' பக்கத்தில் ஆக்டா கோர் (எட்டு கோர்), 2.0 என்று இருந்தால் 625. டெகா கோர் (பத்து கோர்) என்றிருந்தால் மற்றது. அந்தப் பக்கத்தில் எழுதியிருப்பதை மாற்றிவிடவும் முடியும் என்பதால் சிபியு-இசட் செயலியையும் போட்டுப் பாருங்கள். எம்டி6580 என்று காட்டினால் அது ரெட்மியே இல்லை. அந்தச் சிப்புக்கு 4ஜி கிடையாது. மேலே 4ஜி என்று எழுத்து மட்டும் தெரியும். மெமரியிலும் இதே வேலை நடக்கிறது: 2 ஜிபி ரேம், 32 ஜிபி சேமிப்பிடம் உள்ள (2/32) செட்டை 4/64 என்று காட்டுவார்கள். 40 ஜிபி அளவுக்குப் பெரிய வீடியோக்களை ஏற்றி, கடைசியாக ஏற்றியதை நடுவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். போலிக் கணக்கு அங்கே உடைந்துவிடும்.

பேட்டரிக்கு வருவோம்; பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது இதில்தான். ஸ்டிக்கரில் 4100 என்று அச்சடிப்பதற்கு ஒன்றும் செலவில்லை. போனில் போடும் பேட்டரி செயலிகளும் பல நேரம் அந்த 4100ஐத்தான் திருப்பிச் சொல்லும், ஏனென்றால் அது சாஃப்ட்வேரில் எழுதி வைத்த எண். உண்மை தெரிய, சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவில் மாட்டி எவ்வளவு மின்சாரம் போகிறது என்று காட்டும் ஒரு சின்ன யூஎஸ்பி மீட்டர் போதும். போன் தானாக அணையும்வரை ஓட்டி, அணைந்த நிலையிலேயே மீட்டர் வழியாக 100 வரை ஏற்றுங்கள். மீட்டரில் எம்ஏஎச் எண்ணைப் பார்க்க வேண்டாம். அது 5 வோல்ட் கணக்கு, பேட்டரியோ 3.85 வோல்ட். வாட்-அவர் எண்ணைப் பாருங்கள். 4.1ஐ 3.85ஆல் பெருக்கினால் 15.8. சார்ஜ் ஏறும்போது வெப்பமாகப் போவதையும் சேர்த்தால் நல்ல செல்லுக்கு 17 முதல் 19 வரை வர வேண்டும். வயதான ஒரிஜினல் என்றால் 13, 14 வரும், அதை மன்னிக்கலாம். 9 அல்லது 10இல் 'ஃபுல்' என்று நின்றுவிட்டால், உள்ளே இருப்பது பாதிக் கொள்ளளவுள்ள செல்.

அதே மீட்டரில் ஆம்பியரையும் கவனியுங்கள். பேட்டரி 50க்குக் கீழே இருக்கும்போது, 2 ஆம்பியர் சார்ஜரும் நல்ல கேபிளும் மாட்டினால் 1.5க்கு மேல் இழுக்க வேண்டும். கேபிளை மாற்றியும் 0.5ஐத் தாண்டவில்லை என்றால் பெரும்பாலும் கீழே இருக்கும் சார்ஜிங் போர்டு மட்டமான மாற்றுப் பாகம். மைக்கும் அதே போர்டில் இருப்பதால், எதிரே பேசுபவருக்குக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும்.

டிஸ்பிளே மாற்றியதைக் கண்டுபிடிக்க ஒரு வெள்ளைப் படத்தைத் திறந்து போனைச் சாய்த்தாலே போதும். ஒரிஜினல் ஐபிஎஸ் பேனல் எந்தப் பக்கம் சாய்த்தாலும் வெள்ளையாகவே இருக்கும். மட்டமான காம்போ (டிஸ்பிளேயும் டச்சும் சேர்ந்த மாற்றுப் பாகம்) ஒரு பக்கம் மஞ்சளாகவோ நீலமாகவோ ஓடும். ஓரங்களில் வெளிச்சம் கசியும். அடுத்து டயலரில் *#*#6484#*#* அழுத்தினால் ஹார்டுவேர் சோதனைப் பக்கம் வரும். திறக்கவில்லை என்றால் 'அபவுட் போன்' பக்கத்தில் கர்னல் வெர்ஷனை ஐந்தாறு முறை தட்டுங்கள். டச், காதருகே வைத்தால் திரையை அணைக்கும் ப்ராக்ஸிமிட்டி சென்சார், மைக், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஓட்டிவிடுங்கள். விரல்ரேகையும் முக்கியம். அந்தச் சென்சார் பின்மூடியில் ஒட்டியிருக்கிறது, மெல்லிய ஸ்ட்ரிப் ஒன்று அதை மெயின் போர்டோடு இணைக்கிறது. பின்மூடியை அவசரமாகப் பிடுங்கினால் முதலில் கிழிவது அந்த ஸ்ட்ரிப்தான். 'ஃபிங்கர்பிரிண்ட் மட்டும் வேலை செய்யாது, மற்றபடி போன் பிரிக்கவே இல்லை' என்று சொல்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

சாஃப்ட்வேர் மோசடி இதைவிட நைசானது. இந்த போனுக்குக் கம்பெனி கொடுத்தது ஆண்ட்ராய்டு 7, அதன்மேல் கம்பெனியின் சொந்த மென்பொருளான எம்ஐயுஐ 11 வரைதான். வெர்ஷன் வரியில் 11.0.2.0 என்ற எண்ணுக்குப் பின்னால் 'என்சிஎஃப்எம்ஐஎக்ஸ்எம்' என்று ஏழு ஆங்கில எழுத்துகள் இருக்கும். 'என்' ஆண்ட்ராய்டு 7ஐக் குறிக்கிறது, 'சிஎஃப்' இந்த மாடலை, 'எம்ஐ' உலகப் பதிப்பை. அந்த இடத்தில் 'சிஎன்' இருந்தால் சீனப் பதிப்பு. எழுத்துகளே இல்லாவிட்டால் அது விற்றவர் ஏற்றிய ரோம், அதாவது போனை இயக்கும் மென்பொருள் தொகுப்பு. அதில் என்னென்ன செயலியைப் புதைத்து வைத்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம். ஆண்ட்ராய்டு 12, 13 என்று பெருமையாகக் காட்டினால் பூட்லோடரை, அதாவது வேறு மென்பொருள் ஏறாமல் காக்கும் பூட்டை, திறந்து கம்பெனி தராத கஸ்டம் ரோம் போட்டிருக்கிறார்கள். விஷயம் தெரிந்தவர் தெரிந்தே வாங்கினால் தப்பில்லை. ஆனால் பூட்லோடர் திறந்த போனில் பல வங்கிச் செயலிகள் திறக்கவே திறக்காது. அதற்காக ஒரிஜினல் ஆண்ட்ராய்டு 7இலேயே இருந்தாலும் நிம்மதி இல்லை. குரோம் 119ஓடு ஆண்ட்ராய்டு 7ஐக் கைவிட்டது. 7.1.1க்கு முந்தைய பதிப்புகளில் இணையதளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டின் மூலச் சான்றிதழ் இல்லாததால் சில செயலிகளில் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று எச்சரிக்கை வந்து நின்றுவிடும். போன் பழுதில்லை, வயது.

கணக்குப் பூட்டைச் சோதிக்காமல் பணத்தை எடுக்கவே வேண்டாம். கூகுள் கணக்கையும் ரெட்மி கம்பெனியின் எம்ஐ கணக்கையும் விற்பவரே முதலில் நீக்கட்டும். பிறகு போனை அணைத்து, வால்யூம் அப், பவர் இரண்டையும் அழுத்தி ரிக்கவரி என்ற பழுதுநீக்கும் பக்கத்துக்குப் போய் அங்கிருந்து டேட்டாவை அழியுங்கள். செட்டிங்ஸ் வழியாகச் செய்யும் ரீசெட் இதற்கு உதவாது; பழைய கூகுள் கணக்கு ஒளிந்திருந்தால் ரிக்கவரி வழியாக அழித்தால்தான் மாட்டும். போன் திரும்ப எழுந்ததும் வைஃபையில் இணைத்து, முகப்புத் திரை வரும்வரை கூடவே இருங்கள். எம்ஐ பூட்டைத் தற்காலிகமாக உடைத்து விற்ற செட்டுகள் இணையம் கிடைத்ததும் மறுபடி பூட்டிக்கொள்ளக்கூடும். இதற்கு 'நேரமாகும் சார்' என்று இழுத்தால் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தபாலில் வருவதாக இருந்தால், சீலை வெட்டுவதற்கு முன்பே வீடியோ எடுக்கத் தொடங்குங்கள். பெட்டியின் ஆறு பக்கம், ஐஎம்இஐ (போனின் தனி அடையாள எண்) ஸ்டிக்கர், பிறகு போனில் *#06# அழுத்தி வரும் இரண்டு எண்கள், எல்லாம் வெட்டில்லாத ஒரே வீடியோவில் வர வேண்டும். பெட்டி எண்ணும் போன் எண்ணும் பொருந்தாவிட்டால் சிம்மைக்கூடப் போடாமல் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். பேட்டரிச் சோதனையை இரண்டாம் நாளுக்குள் முடித்துவிடுங்கள், மீட்டர் நின்ற எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். திருப்பி அனுப்பும் கெடு அநேகமாக ஒரு வாரம்தான் இருக்கும். மட்டமான செல் காலை வாருவது இரண்டாம் வாரத்தில்.