எச்சில் குப்பி கிட் வாங்கலாமா? காங்கேயத்து மெடிக்கல் கடையிலிருந்து ஒரு விமர்சனம்

காங்கேயத்தில் மெடிக்கல் கடை வைத்திருக்கிறேன். டி.பார்ம் படித்திருக்கிறேன், லைசன்ஸும் என் பேரில்தான். வீட்டுக்காரருக்குத் தேங்காய்க் களம். கொஞ்ச நாளாகக் கடைக்கு வருகிறவர்களில் பலர் செல்போனை நீட்டி, "ஏனுங்க்கா, இந்த ஜீன் டெஸ்ட்டு எடுக்கலாமுங்களா?" என்று கேட்கிறார்கள். எச்சிலைத் துப்பி அனுப்பினால் போதுமாம், "வரும் முன் அறியுங்கள், உங்களுக்கென்றே வைத்தியம்" என்று விளம்பரம். எடுத்துப் பார்க்காமல் சொல்வது சரியாகப் படவில்லை. வீட்டிலும் காரணம் இருந்தது. மாமனார் மாரடைப்பில் போனவர். மச்சாண்டாருக்கு, அதாவது வீட்டுக்காரரின் அண்ணனுக்கு, 54 வயதிலேயே இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தாயிற்று. அடுத்தவர் என் வீட்டுக்காரர், வயது 51.

கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை. ஒறம்பரையில், சொந்தக்காரர்களிடம், வேறு இரண்டு கம்பெனி ரிப்போர்ட்டுகளையும் வாங்கிப் பார்த்தேன். அட்டைப்படம்தான் வேறு, உள்ளே ஒரே அச்சு. அதனால் இதை அந்த வகைச் சரக்கு மொத்தத்துக்குமான விமர்சனமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இருபத்தைந்தாயிரம் என்று போட்டு அடித்து, ஆஃபரில் பன்னிரண்டாயிரத்துக்குக் கொடுத்தார்கள். பெட்டி அழகு. உள்ளே ஒரு குப்பி, புனல், எச்சில் கெடாமல் இருக்க ஒரு திரவம், பார்கோடு ஸ்டிக்கர், ஒரு சம்மதப் படிவம். அரைமணி நேரம் எதுவும் சாப்பிடாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் துப்ப வேண்டும். "எச்சத் துப்பறதுக்குப் பன்னெண்டாயிரமாக்கு? ஏனம்மிணி, ஒரு டன் தேங்காய்ல எனக்கு இத்தன நிக்காது" என்று வீட்டுக்காரர் ஒரு பாட்டம் புலம்பிவிட்டுத்தான் துப்பினார். கூரியர் பையன் வீட்டுக்கே வந்து வாங்கிப் போனான். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது, 90 பக்கத்துக்கு மேல். முழுக்க இங்கிலீஷ். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வட்டங்கள். பாதிக்கு மேல் உணவு, உடற்பயிற்சி, தூக்கம், முடி உதிர்வு, கோபம் வருமா வராதா என்கிற மாதிரி சமாச்சாரங்கள். கோபம் குறைவாம். இதைப் படித்துக் காட்டியபோது என் மாமியார் சிரித்த சிரிப்புக்கு அளவில்லை.

உணவுப் பக்கத்தில் ஆலிவ் எண்ணெய், கீன்வா, சால்மன் மீன். கம்பு, ராகி, கொள்ளு என்று ஒரு சொல் கிடையாது. தேங்காய் எண்ணெயைக் குறையுங்கள் என்று இருந்தது. களம் வைத்திருக்கிறவருக்கு அது சுருக்கென்று தைத்தது. நியாயமாகச் சொன்னால் அந்த அறிவுரையில் தப்பில்லை, தேங்காய் எண்ணெயில் 90 சதவீதத்துக்குக் கிட்டத்தில் நிறைவுற்ற கொழுப்புதான். ஆனால் அதைச் சொல்ல ஜீன் எதற்கு? கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டைப் பார்த்த எந்த டாக்டரும் சொல்வார்.

அடுத்து நோய் அபாயப் பக்கங்கள். கிட்டை விற்பதே இவற்றைக் காட்டித்தான். சர்க்கரை, மாரடைப்பு, ரத்தக்கொதிப்பு, மறதி நோய் என்று வரிசையாக "சராசரியை விட 1.3 மடங்கு", "சராசரி" என்று போட்டிருக்கிறது. இதை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துவிடும். மனித மரபணுத் தொகுதியில் 300 கோடி எழுத்துகள், அதாவது டி.என்.ஏ.வின் வேதிக் கண்ணிகள். இந்த விலைக்கு அத்தனையையும் படிப்பதில்லை. ஒரு சிப்பில் சில லட்சம் இடங்களை மட்டும் தொட்டுப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் இருக்கும் எழுத்துக்கு ஒரு சிறு மதிப்பெண் கொடுத்து, கூட்டி, ஒரு எண்ணாக்குகிறார்கள். மதிப்பெண் எங்கிருந்து வந்தது? ஏற்கெனவே பல லட்சம் பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சிகளிலிருந்து. அந்த ஆராய்ச்சிகளில் கலந்துகொண்டவர்களில் 79 சதவீதம் பேர் ஐரோப்பிய வம்சாவளி என்று 2019இல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. வேறு மக்களிடம் போட்டால் இந்தக் கணக்கின் துல்லியம் குறைகிறது என்பதும் அதிலேயே இருந்தது. ஆக, என் வீட்டுக்காரருக்கு 1.3 மடங்கு என்பது, பெரும்பாலும் வெள்ளைக்காரர்களை வைத்துத் தைத்த சட்டையை இவருக்கு மாட்டிப் பார்த்து எடுத்த அளவு.

நம் பக்கத்து ஆட்களுக்கென்றே தெரிந்த விஷயம் இல்லாமலும் இல்லை. இதயத் தசையின் எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மாற்றம் தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது, இதயம் பலவீனமாவதோடு அதற்குத் தொடர்பு உண்டு என்று 2009இல் கண்டுபிடித்தார்கள். மாரடைப்புக் குடும்பம், இதய அபாயத்துக்கு எட்டுப் பக்கம் கொடுத்திருக்கிறார்கள் என்று அதைத் தேடினேன். இல்லை. ஜீனோம் இந்தியா என்று மத்திய அரசின் திட்டம் 2020இல் தொடங்கி, 83 மக்கள் குழுக்களிலிருந்து கிட்டத்தட்ட 10,000 பேரின் முழு மரபணுத் தொகுதியைப் படித்தது. 2025 ஜனவரியில் ஃபரிதாபாத் தரவு மையம் வழியாக ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதிலிருந்து நமக்கான மதிப்பெண்கள் வந்த பிறகு இந்தப் பக்கங்களை மறுபடி பார்க்கிறேன்.

அதுவரைக்கும் சர்க்கரைக்கு என் கடையிலேயே ஒரு கணக்கு இருக்கிறது, இஞ்சு டேப் ஒன்று போதும். சென்னையில் டாக்டர் மோகன் குழுவினர் 2005இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண். நம் மக்களை வைத்தே போட்டது. நான்கே கேள்வி, மொத்தம் 100. வயது 50க்கு மேல் என்றால் 30. ஆணுக்கு இடுப்புச் சுற்று 90 சென்டிமீட்டரைத் தாண்டினால் 10, நூறை எட்டினால் 20. உடற்பயிற்சியும் இல்லை, உட்கார்ந்த வேலை என்றால் 30. அப்பா அம்மாவில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10, இரண்டு பேருக்கும் என்றால் 20. அறுபதைத் தொட்டால் அபாயம் அதிகம், ரத்தம் பார்க்க வேண்டும். களத்தில் ஆள் வைத்து வேலை வாங்கிக்கொண்டு சேரில் உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரருக்கு வயதில் 30, 98 சென்டிமீட்டர் இடுப்புக்கு 10, சேருக்கு 30, மாமனாருக்குச் சர்க்கரை இருந்ததால் 10. மொத்தம் 80. ரத்தம் எடுத்தோம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (எச்.பி.ஏ1சி) 6.1 சதவீதம். எல்லைக்கோட்டில் நிற்கிறார். பன்னிரண்டாயிரம் ரூபாய் ரிப்போர்ட்டில் இவ்வளவு தெளிவு இல்லை.

இந்தக் கட்டத்தில் இருப்பவர்கள் என்ன செய்யலாம் என்பதற்கும் நம் ஊர் ஆதாரமே இருக்கிறது. டாக்டர் ராமச்சந்திரன் குழு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, 2006இல் வந்தது. எல்லைக்கோட்டில் இருந்தவர்களை அப்படியே விட்டதில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. நடை, உணவு என்று மாற்றிக்கொண்டவர்களில் 39 சதவீதம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்தும் ஏறக்குறைய அதே பலன்தான், இரண்டையும் சேர்த்தும் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. மாத்திரை விற்கிற நானே சொல்கிறேன்: முதலில் நடங்க.

சரி, காசுக்கு ஏதாவது தேறியதா? தேறியது. எழுபதாம் பக்கத்துக்கு மேல் ஒளித்து வைத்த மாதிரி "மருந்து எதிர்வினை" என்று ஒரு அட்டவணை. கிட்டின் விளம்பரத்தில் இதை ஒரு வரிகூடப் பெரிதாகச் சொல்லவில்லை.

ஸ்டென்ட் வைத்தவர்கள் கடையில் வாங்கும் க்ளோபிடோக்ரெல் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். விழுங்கும்போது அது வேலை செய்கிற மருந்து இல்லை. கல்லீரலில் சி.ஒய்.பி.2சி19 என்ற நொதி (என்சைம்) அதை மாற்றிய பிறகுதான் ரத்தத்தட்டுகள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும். அந்த நொதியின் மரபணு சிலருக்குப் பழுது. அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என்று மரபணு இரண்டு பிரதியாக இருக்கும். ஒரு பிரதி பழுதென்றால் மருந்தின் வேகம் குறையும், இரண்டும் பழுதென்றால் மாத்திரை கிட்டத்தட்ட வீண். 2010இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்குக் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்தது. பக்கவாதம் வந்தவர்களுக்கு இந்த மருந்தைக் கொடுக்கும் முன் மரபணு பார்க்கச் சொல்லி பிரிட்டனில் 2024இல் பரிந்துரையே வந்துவிட்டது. இங்கே இன்னும் பெரும்பாலும் சீட்டு எழுதி நீட்டுவதுதான். ஆனால் தெற்காசியர்களில் பழுதான பிரதி ஒன்றாவது வைத்திருப்பவர்கள் பாதிக்குப் பாதி. அபாயப் பக்கங்கள் மாதிரி இது பல சின்ன மதிப்பெண்களின் கூட்டல் இல்லை. ஒரே மரபணு, ஒரே மருந்து, நேரடித் தொடர்பு.

வீட்டுக்காரருக்கு ஒரு பிரதி பழுது. கோயமுத்தூரில் மச்சாண்டாரைப் பார்க்கும் இதய டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் கொண்டுபோனோம். மற்ற பக்கங்களைப் புரட்டக்கூட இல்லை, இந்த ஒன்றை மட்டும் எடுத்து, "இதப் பத்திரமா வெச்சுக்கோங்க, என்னைக்காவது தேவைப்பட்டா மாத்து மருந்து கொடுக்கலாம்" என்றார். கூடவே இருந்த மச்சாண்டாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அப்ப நாஞ் சாப்புடறது வேல செய்யறதில்லீங்களா?" அண்ணன் தம்பிக்கு ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை. அவருக்கு அந்த ஒரு மரபணுவை மட்டும் தனியாகப் பார்த்தோம், சில ஆயிரத்தில் முடிந்தது. இரண்டு பிரதியும் நன்றாகவே இருந்தன. மாற்று மருந்தான டிக்காக்ரெலர் என்றால் தினம் இரண்டு வேளை, விலையும் அதிகம். அவசியமில்லாமல் போயிற்று.

இங்கே கடைக்காரியாக ஒன்று சொல்ல வேண்டும். ஜீன் நன்றாக இருந்தாலும் அந்த நொதியை நாமே முடக்கலாம். க்ளோபிடோக்ரெலோடு வயிற்றுக்கு ஒமெப்ரசோல் சாப்பிட்டால் அதே நொதியை அது தடுக்கிறது. எசோமெப்ரசோலும் அப்படித்தான். பான்டப்ரசோலுக்கு அந்தத் தொல்லை மிகக் குறைவு. க்ளோபிடோக்ரெலும் ஒமெப்ரசோலும் ஒரே சீட்டில் என் கடைக்கு இன்றும் வருகின்றன. வந்தால் டாக்டருக்குப் போன் போடுகிறேன், பெரும்பாலும் மாற்றித் தந்துவிடுகிறார்கள். மச்சாண்டார் சீட்டிலும் ஒமெப்ரசோல் இருந்தது.

அட்டவணையில் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் இருந்தது, சில கொலஸ்ட்ரால் மாத்திரைகளும் இருந்தன. கார்பமசெபின் இல்லை. வலிப்புக்கும் முகநரம்பு வலிக்கும் கொடுக்கும் அந்த மருந்து, எச்.எல்.ஏ-பி 15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குத் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆசிய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் முன் பார்க்கச் சொல்லி அமெரிக்காவில் 2007இலேயே அறிவித்தார்கள். கோபம் வருமா என்பதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியவர்கள் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

கடைசியில் போனில் ஆலோசனை. பெங்களூரிலிருந்து ஒரு பெண், தமிழில் பொறுமையாகப் பேசியது. க்ளோபிடோக்ரெல் பற்றிக் கேட்டதற்குச் சரியான பதில், அதற்கு முழு மதிப்பெண். அடுத்த நிமிடமே "உங்க ஜீனுக்கேத்த வைட்டமின் பாக்கெட், மாசச் சந்தா" என்று ஆரம்பித்துவிட்டது. வைட்டமினில் என்ன லாபம் நிற்கும் என்று எனக்கா தெரியாது? வேண்டாமென்று வைத்துவிட்டேன்.

சம்மதப் படிவத்தைத் துப்புவதற்கு முன் படியுங்கள். ஆராய்ச்சிக்குத் தரவைக் கொடுக்கச் சம்மதம் என்று முன்கூட்டியே டிக் போட்டிருந்தது, எடுத்துவிட்டேன். இதே மாதிரி எச்சில் கிட் விற்ற அமெரிக்காவின் 23அண்ட்மீ கம்பெனியிலிருந்து 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரம் திருடு போனது, 2025 மார்ச்சில் கம்பெனியே திவால் மனு கொடுத்தது. பாஸ்வேர்டை மாற்றலாம், ஜீனை மாற்ற முடியாது. வேலையிலும் மருத்துவக் காப்பீட்டிலும் மரபணுவைக் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்று அங்கே 2008இலிருந்து தனிச் சட்டம் உண்டு. இங்கே அப்படித் தனிச் சட்டம் இல்லை.

யாருக்கு இந்தக் கிட் வேண்டவே வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கோ அக்காவுக்கோ மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் இதில் "மாற்றம் எதுவும் இல்லை" என்று வந்ததும் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள மரபணு பி.ஆர்.சி.ஏ, அதன் மாற்றங்கள் சிப் தொடாத இடங்களில்தான் நிறைய இருக்கும். புற்றுநோய் டாக்டர் வழியாக அந்த மரபணுவை முழுசாகப் படிக்கும் பரிசோதனைதான் சரி. கூட்டம் (குலம்) பார்த்து, ஜாதகம் பார்த்து, அத்தை மகனுக்கே கொடுக்கிற வீடுகளிலிருந்தும் கேட்கிறார்கள். தலசீமியா, சிக்கிள் செல் மாதிரி பிள்ளைக்கு இறங்குகிற ரத்த நோய்களுக்கு ஹீமோகுளோபின் வகை பார்க்கும் சாதாரண ரத்தப் பரிசோதனையே முதல் படி. பக்கத்து நீலகிரிப் பழங்குடிகளிடம் சிக்கிள் செல் இருப்பதை 1952லேயே ரத்தம் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அந்த இரண்டும் மருந்து அட்டவணைக்கு. வீட்டில் இதய நோயோ பக்கவாதமோ இருந்து, டாக்டர் க்ளோபிடோக்ரெல் எழுதப் போகிறார் என்றால், கிட்டை விட்டுவிட்டு சி.ஒய்.பி.2சி19 மட்டும் பார்க்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.