'அல்லது அதற்கு இணையான': வீடு கட்டுபவர்கள் இந்த மூன்று சொற்களில் கவனமாக இருங்கள்

திருச்சிக்கு வெளியே ஒரு மாடி வீடு கட்ட, பொருளும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக் கணக்கில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் வேலையை ஒப்படைத்தேன். ஒப்பந்தத்தில் கம்பி என்ற வரியில் பெரிய நிறுவனம் ஒன்றின் பெயர் இருந்தது. அதை ஒட்டியே 'அல்லது அதற்கு இணையான' என்றும் இருந்தது. தலையைப் பார்த்தேன், வாலைப் பார்க்கவில்லை.

கீழ்த்தளக் காங்கிரீட் முடிந்து, மாடிக்குக் கம்பி வந்திறங்கிய அன்றுதான் குட்டு வெளிப்பட்டது. கம்பி கட்டும் பெரியவர்தான் கண்டுபிடித்தார். "தோளில் தூக்கினால் பாரமே தெரியவில்லை, சார்" என்றார். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 888 கிராம் இருக்க வேண்டும். கம்பியின் விட்டத்தை மி.மீ. கணக்கில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 12 மீட்டர் நீளக் கம்பி என்றால் 10.66 கிலோ. பழைய இரும்புக் கடையில் தராசு இரவல் வாங்கி மூன்று கம்பிகளை நிறுத்தேன். ஒன்றுகூட 9.6 கிலோவைத் தாண்டவில்லை. கம்பிக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1786இன்படி இந்த அளவுக் கம்பிக் குவியலில் 5 சதவீதம் வரைதான் எடை கூடக் குறைய இருக்கலாம். இங்கே 10 சதவீதம் போயிருந்தது.

கம்பியை ஒப்பந்தக்காரர் வாங்குவது கிலோ கணக்கில். வரைபடத்தை வைத்துக்கொண்டு நாம் சரிபார்ப்பது எண்ணிக்கையை. 3 டன் வாங்க வேண்டிய இடத்தில் 2.7 டன்னில் வேலை முடிந்துவிடும், எண்ணிக்கையும் பிசகாது. லாரி வந்து நிற்கும்போதே ஒரு கம்பியை நிறுத்துப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

கேட்டபோது அவர் கோபப்படவில்லை. ஒப்பந்தத்தை எடுத்து அந்த மூன்று சொற்களைக் காட்டினார். எதில் இணை, எடையிலா வலிமையிலா என்று அதில் எழுதவில்லை. ஆலையின் சோதனைச் சான்றும், அளவுவாரியாக எடை போட்ட பில்லும் கேட்டேன். 'நாளைக்கு' என்றார், அந்த நாளை இன்னும் வரவில்லை. ஆளை மாற்றலாம் என்றால் பணம் முன்னால் ஓடியிருந்தது. கீழ்த்தளம் முடியும்போதே 70 சதவீதம் தரும்படி தவணை; நடந்திருந்ததோ பாதி வேலைகூட இல்லை. அந்த அட்டவணையில் கையெழுத்திட்ட புத்திசாலி நான்தான்.

தொழிலாளர் நல நிதி என்று 1 சதவீதம் தனியாகக் கேட்டிருந்ததும் அப்போதுதான் கண்ணில் பட்டது. கட்டட அனுமதி வாங்கும்போதே நான் செலுத்திய தொகை அது. ரசீதைக் காட்டியதும் தட்டச்சுப் பிழை என்றார்.

வீட்டுக் கட்டுமானமும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 'சேவை'தான். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்திருக்கிறேன். கீழ்த்தளத்துக்குள் எந்தக் கம்பி புதைந்திருக்கிறது என்பதைத்தான் நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

நிறுத்துப் பார்த்த மூன்று கம்பிகளையும் எடுத்துப்போகச் சென்ற வாரம் ஒப்பந்தக்காரர் ஆள் அனுப்பினார். தரவில்லை. கொல்லையில் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருக்கிறேன்.